கிட்டாருக்கு நன்றாக இருந்த ஃபஸ் பேஸில் ஏன் காணாமல் போகிறது?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது "பிக் மஃப்பா, ஃபஸ் ஃபேஸா, எது நல்லது" என்பதுதான். இரண்டுமே ஃபஸ் பெடல்கள், அதாவது சத்தத்தைக் கரகரப்பாக்கும், காலால் மிதிக்கிற டப்பாக்கள். ஆனால் நடுவில் போகிறபோக்கில் சொன்ன விஷயங்களில்தான் கேள்வியே இருக்கிறது. கிட்டார் வாசித்த காலத்தில் இதே பிக் மஃப் பிரமாதமாக இருந்தது, பேண்டில் பேஸுக்கு ஆள் இல்லாமல் நீங்கள் ஐந்து கம்பி ஆக்டிவ் பேஸுக்கு (உள்ளேயே பேட்டரியில் ஓடும் பெருக்கி உள்ள வகை) மாறினீர்கள், வீட்டில் தனியாக வாசித்தால் சுவர் அதிர்கிறது, ஜாமிங் ஸ்டூடியோவில் டிரம்ஸும் இன்னொரு கிட்டாரும் சேர்ந்ததும் பேஸைக் காணோம். அதற்கு மருந்தாக, பழைய பொருள்களை வாங்கி விற்கும் கரோசெல் தளத்தில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட ஒரு ஃபஸ் ஃபேஸைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஆக, கிட்டாருக்கு வேலை செய்கிற ஃபஸ் பேஸுக்கு ஏன் ஒத்துவரவில்லை, வேறு ஃபஸ் வாங்கினால் சரியாகிவிடுமா, இதுதான் நீங்கள் கேட்பது. சுருக்கமான பதில்: இப்போதைக்கு ஃபஸ் எதுவும் வாங்காதீர்கள், குறிப்பாக அந்த ஜெர்மானியத்தை. ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளம்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுவது நல்லது. இங்கே சிங்கப்பூரில் சமூக மன்ற மேடைகளிலும் கல்யாண வரவேற்புகளிலும் திரைப்பாட்டுக் குழுக்களோடு பல வருடமாக பேஸ் வாசிக்கிறேன், மற்ற நேரத்தில் நண்பர்களின் பெடல்களைத் திறந்து பழுது பார்ப்பேன், சிலவற்றை நானே கட்டியும் கொடுத்திருக்கிறேன். அதனால் மின்சுற்று பற்றி நான் சொல்வதை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். எது காதுக்கு இனிமை என்று சொல்லும் இடங்களில் அது ஒரு ஆளின் காது, அதுவும் பல வருடம் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்ற காது. கனமான மெட்டல் வாசிப்பவர்களுக்கு என் ரசனை உதவாது, அந்தப் பக்கம் எனக்கு அனுபவம் குறைவு.

ஃபஸ் என்றால் கிட்டாருக்கானது, பேஸ்காரர்கள் பிற்பாடு கடன் வாங்கினார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆரம்பமே கீழ்சுருதியில்தான். அமெரிக்காவின் நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸின் ஒரு கன்ட்ரி பாட்டுப் பதிவில், கிரேடி மார்ட்டின் ஆறு கம்பி பேஸில் வாசித்த சோலோ, மிக்ஸரில் கெட்டுப்போன ஒரு சேனல் வழியாகப் போய் கரகரவென்று பதிவாகிவிட்டது. அது 1961-இல் வெளிவந்து ஓடியது. அந்தப் பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி அதே சத்தத்தை டிரான்சிஸ்டர்களை வைத்துத் திரும்ப உண்டாக்கினார், கிப்சன் நிறுவனம் அதை 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே காலத்தில் இபி-0எஃப் என்று உள்ளேயே ஃபஸ் வைத்த பேஸ் ஒன்றையும் கிப்சன் விற்றது. டிரம்பெட், டிரோம்போன் மாதிரி ஊதுகருவிச் சத்தம் வரும் என்றுதான் அந்தப் பெடலுக்கு விளம்பரமே. நம் ஆட்களுக்குச் சொல்வதென்றால் நாதஸ்வரம்: எடுத்த எடுப்பில் முழுச் சத்தம், மூச்சு இருக்கும்வரை குறையாத நீட்சி. பெரிதாக விற்கவில்லை, 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் வாசித்த பிறகுதான் கடைகளில் இருந்ததெல்லாம் தீர்ந்தது.

இந்த நீட்சி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் உங்கள் பிரச்சினை பாதி புரிந்துவிடும். பிக்கப்பிலிருந்து (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் சுருள்) வரும் அலையை அளவுக்கு மீறிப் பெருக்கி, மேல் முனையையும் கீழ் முனையையும் வெட்டிவிடுவதுதான் ஃபஸ். ஓவர்டிரைவ் ஓரத்தை மழுக்கும், டிஸ்டார்ஷன் இன்னும் அழுத்தி வெட்டும், ஃபஸ் கிட்டத்தட்ட சதுர அலையாகவே ஆக்கிவிடும். வெட்டப்பட்ட அலையில் மூல சுருதிக்கு மேலே நிறைய ஹார்மானிக்ஸ் (மூல சுருதியின் மடங்குகளில் ஒலிக்கும் மேற்சுருதிகள்) சேர்கின்றன. இன்னொன்று, மெதுவாக அடித்தாலும் பலமாக அடித்தாலும் வெளியே வரும் உயரம் ஒன்றுதான், ஆகவே விரல் அழுத்தத்தில் இருந்த ஏற்ற இறக்கம் போய்விடும். ஒரே நேரத்தில் பல சுருதிகள் போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகப் புதுச் சுருதிகள் முளைக்கும். அதனால்தான் கிட்டாரில் பவர் கார்டு நிற்கிறது, செவன்த் கார்டு போட்டால் கூழாகிறது. பேஸில் பெரும்பாலும் ஒற்றைச் சுருதிதான் என்பதால் இந்தக் கடைசித் தொல்லை நமக்கு இல்லை. கார்டே வாசிக்காத கருவிக்குத்தான் ஃபஸ் பொருத்தம் என்றுகூட நான் வாதாடுவேன், கிட்டார்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

சரி, அப்படியானால் பேஸ் ஏன் காணாமல் போகிறது? இரண்டு காரணங்கள், இரண்டும் உறுதியானவை. முதலாவது பிக் மஃப்புக்கே உரியது. எலக்ட்ரோ-ஹார்மானிக்ஸ் 1960-களின் கடைசியில் கொண்டுவந்த அந்தச் சுற்றில் நான்கு டிரான்சிஸ்டர்கள், நடு இரண்டில் டயோடு போட்டு வெட்டல், அதன் பிறகு ஒரே ஒரு டோன் நாப். அந்த நாப்பின் ஒரு பக்கம் கீழ் அதிர்வெண்களை மட்டும் விடும், மறுபக்கம் மேலே இருப்பதை மட்டும் விடும், நடுவில் வைத்தால் 1 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒரு பள்ளம் விழும். தனியாக வாசிக்கும்போது அந்தப் பள்ளம்தான் பெரிய, அகலமான சத்தமாகக் கேட்கிறது. பேண்டில் சேர்ந்ததும் அடியில் கிக் டிரம் உட்கார்ந்துகொள்கிறது, மேலே சிம்பல் நிரப்பிவிடுகிறது, பேஸ் எந்தச் சுருதியில் இருக்கிறது என்று காது கண்டுபிடிக்க வேண்டிய நடுப்பகுதியை நாமே குழி தோண்டி வைத்திருக்கிறோம். அந்த இன்னொரு கிட்டார்காரரும் மஃப் வகை வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம், இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் பள்ளம்.

இரண்டாவது காரணம் எல்லா ஃபஸ்ஸுக்கும் பொது. ஃபஸ் அடிச்சத்தத்தைத் தின்றுவிடுகிறது என்பார்கள், அது முழுக்கச் சரியில்லை. சதுர அலையில் மூல சுருதி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் சேர்ந்த ஹார்மானிக்ஸ் காதுக்கு மிகவும் உரக்கக் கேட்கிறது. பெடலை அழுத்தியதும் "ஐயோ சத்தம்" என்று வால்யூம் நாப்பைக் குறைத்து, போடாத நிலைக்குச் சமமாக வைக்கிறோம் இல்லையா, அப்போது ஹார்மானிக்ஸோடு சேர்ந்து மூல சுருதியும் இறங்கிவிடுகிறது. கிட்டாரின் கீழ் கம்பி 82 ஹெர்ட்ஸ், அது கொஞ்சம் இறங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை, அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ள பேஸ் இருக்கிறது. நான்கு கம்பி பேஸின் கீழ் கம்பி 41, உங்கள் ஐந்தாவது கம்பி ஏறக்குறைய 31 ஹெர்ட்ஸ், அது இறங்கினால் அந்த இடத்தை யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை, சின்ன ஸ்பீக்கரில் நிலைமை தலைகீழ். கைபேசியில் 31 ஹெர்ட்ஸ் வரவே வராது, ஹார்மானிக்ஸை வைத்து மூல சுருதியைக் காது தானே கற்பனை செய்துகொள்கிறது, அதனால் கைபேசியில் கேட்கிறவர்களுக்கு ஃபஸ் போட்ட பேஸ்தான் தெளிவாகக் கேட்கும். யூடியூப் டெமோக்களைக் கைபேசியில் பார்த்துவிட்டுப் பெடல் வாங்கினால் ஏமாறுவது இதனால்தான்.

இதற்குத் தீர்வும் பழையதுதான். சுத்தமான பேஸை அப்படியே ஓட விட்டு அதன் மேல் ஃபஸ்ஸைக் கலப்பது. பீட்டில்ஸ் 1965-இல் பதிவு செய்த 'திங்க் ஃபார் யுவர்செல்ஃப்' பாட்டில் பால் மெக்கார்ட்னி சாதாரண பேஸ் ஒன்றும் டோன் பெண்டர் என்ற ஃபஸ் பெடல் வழியாக ஃபஸ் பேஸ் ஒன்றுமாக இரண்டு தடவை வாசித்தார். மேடையில் இரண்டு தடவை வாசிக்க முடியாது, அதற்குத்தான் பிளெண்டு. உங்களிடம் இருக்கும் பிக் மஃப்பையே வைத்துக்கொண்டு, சிக்னலை இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்க்கிற ஒரு பெடல் வாங்குங்கள். பாஸ் நிறுவனத்தின் எல்எஸ்-2 போதும், ஒரு லூப்பில் மஃப், இன்னொரு லூப்பில் ஒன்றும் வைக்காமல் ஒரு சின்ன கேபிளால் இணைத்துவிட்டு, இரண்டையும் கலக்கும் நிலையில் வைத்தால் இரண்டு லெவல் நாப்பும் உங்கள் கையில். மஃப்பின் டோனைக் கொஞ்சம் மேல் பக்கமாகத் திருப்பி, அடியைச் சுத்தமான பக்கத்திடம் விட்டுவிடுங்கள். வீட்டில் கேட்டால் ஃபஸ் போதவில்லை என்று தோன்றும், பேண்டோடு கேட்டால் சரியாக இருக்கும். நான் ஏறக்குறைய பாதிக்குப் பாதியில் தொடங்கி ஃபஸ் பக்கத்தைச் சிறிது குறைப்பேன்.

கலக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும், நிறைய பேர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். டிரான்சிஸ்டரின் சாதாரணப் பெருக்கி நிலை ஒவ்வொன்றும் அலையைத் தலைகீழாகப் புரட்டுகிறது. இரட்டைப் படையில் நிலைகள் இருந்தால் கடைசியில் நேராக வந்துவிடும், பிக் மஃப்பில் நான்கு என்பதால் கவலையில்லை. ஒற்றைப் படையில் உள்ள ஃபஸ்ஸைச் சுத்தமான சிக்னலோடு கலந்தால் இரண்டும் எதிரெதிராக நின்று அடிச்சத்தம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சோதிப்பது சுலபம்: இரண்டு பக்கத்தையும் சமமாக வைத்து, ஃபஸ் பக்கத்தை மெல்ல ஏற்றும்போது அடி கூடுகிறதா, மெலிகிறதா என்று கேளுங்கள். மெலிந்தால் அலையைத் திரும்பப் புரட்டிவிடும் சுவிட்ச் உள்ள பிளெண்டர்தான் உதவும், எல்எஸ்-2-இல் அது இல்லை.

இப்போது அந்த ஃபஸ் ஃபேஸ். லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் 1966-இல் கொண்டுவந்தது, வட்ட டப்பா, ஜிமி ஹெண்ட்ரிக்ஸால் புகழ் பெற்றது. உள்ளே இருப்பது இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு நாப், அவ்வளவே. இவ்வளவு எளிய சுற்று என்பதால் அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து அது முழுக்க மாறும். சாதாரணப் பெடல்கள் கிட்டாரை எதுவும் செய்யாமல் எட்டி நின்று கேட்கும். ஃபஸ் ஃபேஸின் உள்நுழைவு மின்தடை மிகக் குறைவு, சில ஆயிரம் ஓம்தான், அதனால் பிக்கப்பின் சுருளும் கிட்டாரின் வால்யூம் நாப்பும் அந்தச் சுற்றின் பாகமாகவே ஆகிவிடுகின்றன. ஹெண்ட்ரிக்ஸ் பாணியில் வால்யூமைக் கொஞ்சம் குறைத்ததும் கரகரப்பு கலைந்து மணி மாதிரி சுத்தமாகிற மாயம் இந்தப் பிணைப்பால் வருவது. நடுவில் ஒரு பஃபர் (சிக்னலை வாங்கி வலுவாக்கி அனுப்பும் சின்னச் சுற்று) வந்தால் பிணைப்பு அறுந்து, சத்தம் மெலிந்து கீச்சென்று ஆகும். டியூனர் பெடல்கள் பலவற்றில் பஃபர் இருக்கிறது, வயர்லெஸ் ரிசீவர் ஒரு பஃபர்தான், உங்கள் ஆக்டிவ் பேஸுக்குள் இருக்கும் 9 வோல்ட் பிரியாம்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆக, யூடியூபில் பாசிவ் (பேட்டரி இல்லாத) ஸ்ட்ராட் கிட்டாரில் கேட்ட அந்த ஃபஸ் ஃபேஸ் உங்கள் பேஸில் வேறு பெடலாக இருக்கும். அதன் முன்னால் எல்எஸ்-2 வைத்தால் அதுவும் பஃபர், அதே கதை. பிக் மஃப்பில் நுழையும் இடத்திலேயே 30, 40 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வரிசையில் நிற்பதால் அது இதையெல்லாம் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

ஆக்டிவ் பேஸில் ஃபஸ் ஃபேஸ் போடவே முடியாதா என்றால் முடியும். பேஸுக்கும் பெடலுக்கும் நடுவில் வரிசையாக ஒரு ரெசிஸ்டர், 10 கிலோ ஓமிலிருந்து மேலே போய்ப் பார்க்கலாம், இன்னும் நல்லது 50 கிலோ ஓம் பாட் (திருப்பினால் மின்தடை மாறும் பாகம்) ஒன்றைச் சின்ன டப்பாவில் வைத்துக் காதுக்குப் பிடிக்கும்வரை திருப்புவது. பிக்கப்பின் சுருள் செய்யும் வேலையை இது முழுதாகச் செய்யாது, ஆனால் அந்தக் கீச்சொலியைப் பெரும்பாலும் அடக்கிவிடும். சில பேஸ்களில் ஆக்டிவ், பாசிவ் மாற்றும் சுவிட்ச் இருக்கும், அப்படி இருந்தால் முதலில் அதைத் தட்டிப் பாருங்கள், காசு செலவில்லை.

அடுத்தது ஜெர்மானியம், இதில்தான் நம் ஊர் குறுக்கே வருகிறது. ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் எப்போதும் கொஞ்சம் மின்சாரம் கசியும், அந்தக் கசிவு வெப்பம் ஏறக்குறைய 10 டிகிரி கூடும்போதெல்லாம் இரட்டிப்பாகும். இது புத்தகத்தில் இருக்கிற இயற்பியல், ரசிகர் நம்பிக்கை இல்லை. ஃபஸ் ஃபேஸில் இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் முனை 4.5 வோல்ட் பக்கம் நிற்க வேண்டும் என்று கணக்குப் பண்ணிச் செய்கிறார்கள். லண்டனின் குளிரில் பிறந்த சுற்று அது. இங்கே 22 டிகிரி ஏர்கான் ஓடும் ஸ்டூடியோவில் அருமையாக ஒலித்த பெடலை எடுத்துக்கொண்டு பிற்பகலில் எஸ்பிளனேட் வெளிப்புற மேடையிலோ குடியிருப்புப் பேட்டைத் திடலிலோ 32 டிகிரியில் வைத்தால், அதுவும் கறுப்புப் பெடல்போர்டு வெயிலில் கிடந்தால், அந்த வோல்ட் நகர்ந்துவிடும். சத்தம் திக்கித் திணறும், அல்லது சுருதி அணையும் முன்பே அறுந்துபோகும். பேஸில் இது கூடுதலாகத் தெரியும், நாம்தான் நீண்ட சுருதிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள். அந்த வோல்ட்டைச் சரிசெய்ய வெளியே பயஸ் நாப் வைத்த ஜெர்மானியம் பெடல்கள் உண்டு, மேடையில் குனிந்து சரிசெய்துகொள்ளலாம். அது இல்லாததை நான் இந்த ஊரில் மேடைக்கு எடுத்துப் போகமாட்டேன், பதிவுக்கு என்றால் தாராளமாக. சிலிக்கான் வகைக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு, ஹெண்ட்ரிக்ஸே பிற்பாடு சிலிக்கான் ஃபஸ் ஃபேஸுக்குப் போனவர்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் அளந்து பார்க்கக்கூடியவை. இனி சந்தேகத்துக்குரியவை. "ஜெர்மானியம் மென்மை, சிலிக்கான் முரடு" என்பதில் பாதி உண்மை இருக்கிறது, பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களின் பெருக்கம் குறைவு, உச்ச அதிர்வெண்களையும் அவை அவ்வளவாக விடுவதில்லை. ஆனால் பெருக்கம் குறைவான சிலிக்கானைப் போட்டு, மேல்பகுதியைச் சிறிய கெப்பாசிட்டரால் வெட்டிக் கட்டிய பெடலை, டப்பாவைப் பார்க்காமல் கேட்டால் நான் எப்போதும் சரியாகச் சொல்லிவிடுவேன் என்று பந்தயம் கட்டமாட்டேன். கார்பன்-ஸிங்க் பேட்டரிதான் ஃபஸ்ஸுக்கு நல்லது என்பதும் அப்படித்தான்: அந்த பேட்டரியின் உள்மின்தடை அதிகம், தேயத் தேய வோல்ட் இறங்கும், ஆகவே வித்தியாசம் வர வழி இருக்கிறது, ஆனால் அதையே ஒரு சின்ன ரெசிஸ்டர் வைத்தும் செய்துவிடலாம். 1990-களின் ரஷ்யத் தயாரிப்பு பிக் மஃப்கள் பேஸுக்கென்றே படைக்கப்பட்டவை என்று கரோசெல்லில் விலை ஏற்றுகிறார்கள். பேஸ்காரர்கள் அவற்றை விரும்பியது உண்மை, அடி கொஞ்சம் கனமாகவும் கரகரப்பு கொஞ்சம் குறைவாகவும் இருப்பதும் உண்மை, ஆனால் எலக்ட்ரோ-ஹார்மானிக்ஸ் அந்தச் சுற்றையே இப்போது சின்ன டப்பாவில் கிரீன் ரஷ்யன் என்று விற்கிறது, பேண்டு நடுவில் வித்தியாசம் கேட்கும் என்று நான் நம்பவில்லை. சேகரிப்புக்கு என்றால் வேறு விஷயம்.

பிளெண்டுக்குப் பிறகும் புதுச் சத்தம் வேண்டும் என்று தோன்றினால் எதைப் பார்க்கலாம்? உங்களுக்கு நடுப்பகுதிதான் குறை என்பதால் மஃப் குடும்பத்தை விட்டு வெளியே பார்ப்பது நல்லது. டோன் பெண்டர் வகைகளில் நடுப்பகுதி முன்னால் நிற்கும், கிட்டாரோடு மோதாமல் தனியே தெரியும். மலிவாக ஆரம்பிக்க பெரிங்கர் எஸ்எஃப்300, பிளாஸ்டிக் டப்பாதான், மிதித்து வாசிக்கும்போது பயமாக இருக்கும், ஆனால் பாஸ் நிறுவனம் நிறுத்திவிட்ட எஃப்இஸட்-2 ஹைப்பர் ஃபஸ்ஸின் நகல் அது, பேஸ், டிரெபிள் என்று தனித்தனி நாப்கள் இருப்பதால் அடியைத் திரும்பக் கொண்டுவர முடியும். அதன் ஃபஸ் நிலைகளில் மேல் ஸ்தாயி ஒன்றும் சேர்ந்து முரலும், பேஸின் பன்னிரண்டாம் கட்டைக்கு மேலே நன்றாகக் கேட்கும், கீழே வெறும் சண்டை. ஸீவெக்ஸின் வூலி மேமத் பேஸ்காரர்களிடையே பெயர் பெற்றது, பிளெண்டு இல்லாமலே அடியைத் தாங்கும், விலைதான் கிட்டே போக விடாது. மஃப் சத்தத்தை விட மனமில்லை என்றால் டீலக்ஸ் பேஸ் பிக் மஃப், பிளெண்டு, கிராஸ்ஓவர் (அடியையும் மேல்பகுதியையும் பிரிப்பது), டிஐ (நேராக மிக்ஸருக்கு அனுப்பும் வெளியீடு) எல்லாம் ஒரே டப்பாவில் இருக்கிறது, அதை வாங்கினால் எல்எஸ்-2 தேவையில்லை. அப்புறம் ராட், அது ஃபஸ் இல்லை, டிஸ்டார்ஷன், ஆனால் நாப்பை ஏற்றினால் ஃபஸ்ஸின் வாசல்வரை வந்துவிடும், பேஸில் உச்சரிப்பு கெடாமல் இருக்கும். எனக்கு ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் ராட்டும் பிளெண்டும் எடுப்பேன், ஃபஸ் கேள்விக்கு ஃபஸ் இல்லாத பதில் என்று திட்டாதீர்கள்.

பெடலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் பாதிக் கதை. கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே தானாகவே மங்கிவிடும், அதனால்தான் ஃபஸ்ஸின் ஊசிக்குத்தல் கிட்டார் ஆம்ப்பில் தெரிவதில்லை. பேஸ் கேபினெட்டில் டுவீட்டர் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) இருந்தால் அத்தனையும் வெளியே வரும், பின்பக்கம் அதற்கான நாப் இருக்கும், மூடிவிடுங்கள். சமூக மன்ற நிகழ்ச்சிகளில் பேஸுக்கு ஆம்ப்பே கிடையாது, டிஐ வழியாக நேராக மிக்ஸருக்குத்தான். அங்கே ஃபஸ்ஸை வெறுமனே அனுப்பினால் கொசுக்கூட்டம்தான் கேட்கும். கேபினெட் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டி மாதிரி ஒலிக்க வைக்கும் சுற்று) உள்ள டிஐ வேண்டும், இல்லையென்றால் சவுண்ட் செக்கின்போதே மிக்ஸர்காரரிடம் 4, 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டச் சொல்லுங்கள், மேடையில் ஃபஸ்ஸை அழுத்தியும் காட்டுங்கள், அழுத்தாமல் சரிசெய்த அளவு அழுத்தியதும் பயன்படாது. வீவக அடுக்குமாடி வீட்டில் இரவு பத்தரைக்கு மேல் ஹெட்ஃபோனில் வாசிப்பவர்களுக்கும் இதே சிக்கல், சிமுலேஷன் இல்லாத ஹெட்ஃபோனில் எந்த ஃபஸ்ஸையும் எடை போடாதீர்கள்.

அந்தக் கரோசெல் பெடலை இதற்கு மேலும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், அட்டையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பழைய பாணி ஜெர்மானியம் ஃபஸ்கள் பல பாசிட்டிவ் கிரவுண்டில் (நேர்முனையே தரையாக) ஓடுபவை. அதை மற்றப் பெடல்களோடு ஒரே டெய்ஸி செயினில் (பல பெடலுக்கும் மின்சாரம் தரும் ஒரே கேபிள்) மாட்டினால் பவர் சப்ளை ஷார்ட் ஆகும், தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட வெளியீடு உள்ள சப்ளையோ பேட்டரியோ வேண்டும். பேட்டரி என்றால் வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், உள்ளீட்டு ஜாக்தான் அதற்குச் சுவிட்ச். நேரில் பார்க்கும்போது உங்கள் பேஸையே எடுத்துப் போங்கள், நாப்களை மெதுவாகத் திருப்பிக் கரகரப்பு இருக்கிறதா பாருங்கள், நம் ஊர் ஈரப்பதத்தில் பாட்களும் ஜாக்கும் துருப்பிடிப்பது சகஜம், காண்டாக்ட் கிளீனரில் போய்விடும், அதை வைத்து விலை குறைக்கலாம். பின்பக்க மூடியைத் திறக்க விற்பவர் சம்மதித்தால் பேட்டரி கசிந்த பச்சைப் படிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளியிலிருந்து வந்த சூட்டோடும், பத்து நிமிடம் ஏர்கானில் வைத்த பிறகும் ஒரு தடவை வாசித்துப் பார்த்தால் நான் மேலே சொன்னது உங்கள் காதுக்கே தெரியும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாலிடரிங் தெரிந்தால் இன்னொரு வழி: சிலிக்கான் ஃபஸ் ஃபேஸ் ஒன்றை நீங்களே கட்டலாம், ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், பாட் எல்லாம் சிம் லிம் டவரில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், டிரான்சிஸ்டரைச் சாக்கெட்டில் வைத்தால் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம், ஒரு சாயங்காலத்து வேலை.

உங்கள் பேஸ் எந்த மாடல், அதில் பாசிவ் சுவிட்ச் உண்டா, மேடையில் வயர்லெஸ் போடுகிறீர்களா என்று சொல்லுங்கள். அதைப் பொறுத்து முன்னால் எவ்வளவு ரெசிஸ்டர் வைக்கலாம், டியூனரை எங்கே வைப்பது என்று இன்னும் துல்லியமாகச் சொல்ல முடியும்.